குத்தகை ஐ.பி. முகவரிகள்: மேலாண்மையும் முறையான ஒப்படைப்பும்

ஆய்வுச் சுருக்கம்

இணையத்தின் நான்காம் பதிப்பு முகவரிகள் பொது இருப்பிலிருந்து தீர்ந்துவிட்டன. இந்நிலையில், ஒரு நிறுவனத்தின் பெயரில் பதிவாகியுள்ள முகவரித் தொகுதியை மற்றொரு நிறுவனம் குத்தகைக்குப் பெற்றுப் பயன்படுத்தும் வழக்கம் பரவியுள்ளது. குத்தகை ஒப்பந்தம் குறித்த நாளில் முடிவடைகின்றது. ஆனால் அம்முகவரிகளின் பயன்பாட்டுத் தடங்கள் பதிவகம், வழிச்செலுத்தல், பெயர் முறைமை, மின்னஞ்சல், பாதுகாப்புப் பட்டியல்கள் எனப் பல இடங்களில் எஞ்சி நிற்கின்றன. அத்தடங்கள் எவை, குத்தகைக் காலத்தில் அவற்றைப் பேணுவது எவ்வாறு, முடிவின்போது அவற்றை எந்த வரிசையில் நீக்குவது, வரிசை பிறழ்ந்தால் விளைவது யாது என்பனவற்றை இக்கட்டுரை விளக்குகின்றது.

திறவுச்சொற்கள்: ஐ.பி. முகவரி, குத்தகை, வட்டாரப் பதிவகம், வழிச்செலுத்தல், ஆர்.ஓ.ஏ., தலைகீழ் டி.என்.எஸ்., மறு எண்ணிடல், தடைப்பட்டியல்

முன்னுரை

இணையத்தில் இணைக்கப்பட்ட ஒவ்வொரு கருவியும் பிற கருவிகளால் அடையாளம் காணப்படுவதற்கு ஓர் எண் தேவைப்படுகின்றது. 1981 செப்டம்பரில் வெளியான ஆர்.எஃப்.சி. 791 என்னும் ஆவணம் அவ்வெண்ணை 32 இரும இலக்கங்களாக வரையறுத்தது. இதனால் கிடைக்கக்கூடிய முகவரிகளின் மொத்த எண்ணிக்கை சுமார் 429 கோடி. பல்கலைக்கழகங்களையும் ஆய்வகங்களையும் பெரும்பாலும் இணைத்திருந்த வலையமைப்புக்கு இவ்வெண்ணிக்கை வற்றாததாகத் தோன்றியது. வணிக இணையமும் கைப்பேசியும் பரவியபின் அது போதாமற் போயிற்று.

ஐ.பி. முகவரி குறித்த தமிழ் எழுத்துகள் பெரும்பாலும் அதன் அமைப்பையும் வகைகளையும் விளக்குவதோடு நின்றுவிடுகின்றன. முகவரி ஒரு பொருளியல் வளமாக மாறியதும், அது கைமாறும் முறைகளும், அம்முறைகளால் எழும் பாதுகாப்புச் சிக்கல்களும் போதிய கவனம் பெறவில்லை. கல்வி நிறுவனங்கள் உட்படப் பல அமைப்புகள் தம் சேவையகங்களை வாடகை முகவரிகளில் இயக்கும் காலத்தில் இப்பொருள் வலையமைப்புப் பொறியாளர்க்கு மட்டும் உரியதாகாது.

முகவரிப் பற்றாக்குறையும் குத்தகையின் தோற்றமும்

முகவரிகளின் உலகப் பொது இருப்பை ஐயானா என்னும் அமைப்பு நிருவகித்து வந்தது. 2011 பிப்ரவரி 3 அன்று அதன் கையிருப்பில் இருந்த கடைசி ஐந்து பெருந்தொகுதிகள் ஐந்து வட்டாரப் பதிவகங்களுக்கு ஒவ்வொன்றாகப் பகிர்ந்தளிக்கப்பட்டன. அதே ஆண்டு ஏப்ரல் 15 அன்று ஆசிய பசிபிக் பதிவகமான ஏப்னிக் தன் கடைசிப் பெருந்தொகுதியைத் தொட்டு, பங்கீட்டு முறைக்கு மாறியது. வட அமெரிக்கப் பதிவகமான அரினின் பொது இருப்பு 2015 செப்டம்பர் 24 அன்று தீர்ந்தது. ஐரோப்பாவுக்குரிய ரைப் என்.சி.சி. தன் இருப்பு முற்றிலும் தீர்ந்ததை 2019 நவம்பர் 25 அன்று அறிவித்தது.

இருப்புக் குறையத் தொடங்கியதும் சந்தை உருவாயிற்று. 2011இல் திவால் நடவடிக்கையில் இருந்த நார்டெல் நிறுவனத்திடமிருந்து மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 6,66,624 முகவரிகளை 75 லட்சம் அமெரிக்க டாலருக்குப் பெற்றது. ஒரு முகவரியின் விலை 11.25 டாலர் என்பது அக்கணக்கு. அதுவரை விலையற்ற நிருவாக எண்ணாகக் கருதப்பட்ட ஒன்றுக்கு வெளிப்படையான விலை குறிக்கப்பட்ட நிகழ்வு அது.

விலை கொடுத்து வாங்க முதலீடு இல்லாத நிறுவனங்களும், சில ஆண்டுகளுக்கு மட்டும் முகவரி தேவைப்படும் நிறுவனங்களும் குத்தகையை நாடின. முகவரிகளைப் பயன்படுத்தாமல் வைத்திருந்தவர்களுக்கு அது தொடர் வருவாயாயிற்று. குத்தகைக்கு விடப்படும் மிகச்சிறிய அளவு பொதுவாக 256 முகவரிகள் கொண்ட /24 தொகுதியாகும். அதனினும் சிறிய தொகுதியின் அறிவிப்பைப் பெரும்பாலான வலையமைப்புகள் ஏற்பதில்லை என்பதே காரணம்.

கடனும் குத்தகையும்

முகவரியை இரவலாகத் தரும் கருத்து புதியதன்று. 1996 அக்டோபரில் வெளியான ஆர்.எஃப்.சி. 2008, முகவரி உடைமை, முகவரிக் கடன் என இரு கொள்கைகளைப் பிரித்துக் காட்டியது. இணைய இணைப்பு வழங்குபவர் தன் தொகுதியிலிருந்து ஒரு பகுதியை வாடிக்கையாளருக்குக் கடனாகத் தருகின்றார். இணைப்பு முடியும்போது முகவரியும் திரும்புகின்றது. உலக வழிச்செலுத்தல் அட்டவணை அளவுமீறிப் பெருகாமல் காப்பதே அக்கொள்கையின் நோக்கம்.

இன்றைய குத்தகை இக்கடனிலிருந்து ஓர் அடிப்படைத் தன்மையில் வேறுபடுகின்றது. பழைய கடனில் முகவரி தருபவரும் இணைப்புத் தருபவரும் ஒருவரே. அவர் இணைப்பைத் துண்டித்தால் முகவரிப் பயன்பாடும் அங்கேயே நின்றுவிடும். இன்றைய குத்தகையில் முகவரி ஒருவரிடமிருந்தும் இணைப்பு வேறொருவரிடமிருந்தும் பெறப்படுகின்றன. குத்தகைக்கு விட்டவரின் கையில் துண்டிப்பதற்கான கம்பி எதுவும் இல்லை. ஆகவே ஒப்பந்தத்தின் முடிவு, பயன்பாட்டின் முடிவைத் தானாகக் கொண்டுவருவதில்லை. குத்தகை மேலாண்மையின் சிக்கல்கள் பலவும் இப்பிரிவிலிருந்தே பிறக்கின்றன.

வலையமைப்பியலில் 'குத்தகை' என்னும் பொருள்தரும் சொல் மற்றோர் இடத்திலும் வழங்குகின்றது. அலுவலக வலையமைப்பில் ஒரு கணினிக்குத் தானாக முகவரி வழங்கும் டி.எச்.சி.பி. நெறிமுறையில் ஒவ்வொரு முகவரியும் குறித்த கால அளவுக்கே தரப்படுகின்றது. அக்காலம் பாதி கழிந்ததும் கணினி புதுப்பிக்கக் கோருகின்றது. புதுப்பிக்கப்படாவிடில் முகவரியை இயந்திரமே கைவிடுகின்றது. நிறுவனங்களுக்கு இடையிலான குத்தகையில் இத்தகைய தானியங்கு முடிவு கிடையாது. தொகுதியை உலகுக்கு அறிவிக்கும் பி.ஜி.பி. நெறிமுறையில் முடிவுத் தேதி என்னும் கூறே இல்லை. ஓர் அறிவிப்பு திரும்பப் பெறப்படும்வரை அல்லது இணைப்பு அறும்வரை அது நிலைக்கும்.

நில நிருவாகத்தோடு ஒப்பிட்டால் இது தெளிவாகும். பட்டா யார் பெயரில் உள்ளது என்பது ஒரு செய்தி. அந்நிலத்தில் பயிரிடுபவர் யார் என்பது மற்றொரு செய்தி. வட்டாரப் பதிவகத்தின் தரவுத்தளம் பட்டாவை ஒத்தது. உலக வழிச்செலுத்தல் அட்டவணை நடப்புச் சாகுபடியைக் காட்டும் அடங்கலை ஒத்தது. இரண்டும் ஒத்திருக்க வேண்டும் என்று வலியுறுத்தும் தனி அதிகாரி இணையத்தில் இல்லை.

குத்தகை பதியும் இடங்கள்

ஒரு தொகுதி குத்தகைக்கு விடப்படும்போது குறைந்தது ஆறு இடங்களில் அதன் தடம் பதிகின்றது.

முதலாவது, வட்டாரப் பதிவகத்தின் தரவுத்தளம். தொகுதியின் பயனாளர், தொடர்பு முகவரி, முறைகேட்டுப் புகார்களைப் பெறும் மின்னஞ்சல் ஆகியன இதில் இடம்பெறுகின்றன.

இரண்டாவது, அனுமதிக் கடிதம். குத்தகைதாரரின் இணைப்பு வழங்குநருக்கு, 'இத்தொகுதியை இன்ன தன்னாட்சி வலையமைப்பு எண்ணிலிருந்து அறிவிக்கலாம்' என்று உரிமையாளர் தரும் கடிதம் இது.

மூன்றாவது, வழிச்செலுத்தல் பதிவேடுகளில் உருவாக்கப்படும் வழிப் பதிவு. இணைப்பு வழங்குநர்கள் பலர் தம் வடிகட்டிகளை இப்பதிவுகளிலிருந்தே உருவாக்குகின்றனர். பதிவேடுகள் ஒன்றுக்கு மேற்பட்டவை. ஒரே தொகுதிக்குப் பல பதிவேடுகளில் பதிவு இருக்கக்கூடும்.

நான்காவது, ஆர்.ஓ.ஏ. எனப்படும் வழித்தோற்ற அனுமதி ஆவணம். ஒரு தொகுதியை எந்தத் தன்னாட்சி எண் அறிவிக்கலாம், எவ்வளவு சிறிய பகுதி வரை பிரித்து அறிவிக்கலாம் என்பவற்றை மறைக்குறியீட்டுக் கையொப்பத்துடன் இது உறுதிசெய்கின்றது. 2012இல் வரையறுக்கப்பட்ட ஆர்.பி.கே.ஐ. கட்டமைப்பின் பகுதி இது.

ஐந்தாவது, தலைகீழ் டி.என்.எஸ். முகவரியிலிருந்து பெயரைக் கண்டறிய உதவும் இம்மண்டலம் இல்லாவிடில், அம்முகவரிகளிலிருந்து செல்லும் மின்னஞ்சல்களைப் பல சேவையகங்கள் ஏற்க மறுக்கின்றன.

ஆறாவது, மூன்றாம் தரப்பினரின் பட்டியல்கள். முகவரி எந்த நாட்டில், எந்த நகரில் உள்ளது என்று கணிக்கும் இடஞ்சுட்டல் தரவுத்தளங்களும், எரிதம் அனுப்பும் முகவரிகளைத் தொகுக்கும் தடைப்பட்டியல்களும் இவ்வகையின. முதல் ஐந்தையும் ஒப்பந்தத் தரப்பினர் தாமே மாற்ற இயலும். ஆறாவது அவர்களது கட்டுப்பாட்டுக்கு வெளியே உள்ளது.

குத்தகைக் கால மேலாண்மை

மேலாண்மை ஒப்பந்தத்துக்கு முன்பே தொடங்குகின்றது. தொகுதியைக் குத்தகைக்கு விடும் அதிகாரம் எதிர்த்தரப்புக்கு உண்டா என்பதைப் பதிவகத் தரவுத்தளத்தில் சரிபார்த்தல் முதற்பணி. இடைத்தரகர்கள் வழியாகப் பெறும்போது உரிமையாளர்வரை உள்ள கண்ணிகள் அனைத்தும் ஆவணப்படுத்தப்பட வேண்டும். தொகுதியின் முன்வரலாற்றை அறிவது அடுத்த பணி. ஓரிகன் பல்கலைக்கழகத்தின் ரூட்வியூஸ், ரைப் என்.சி.சி.யின் ரிஸ் ஆகிய திட்டங்கள் வழிச்செலுத்தல் அறிவிப்புகளைத் தொடர்ந்து பதிவுசெய்து பொதுவில் வைக்கின்றன. தொகுதியை இதற்குமுன் அறிவித்தவர் யார், எத்தனை முறை கைமாறியது என்பனவற்றை அங்கே காணலாம். அன்றைய தேதியில் தடைப்பட்டியல்களில் தொகுதியின் நிலை யாது என்பதையும் பதிந்து, ஒப்பந்தத்தின் இணைப்பாக வைத்தல் நன்று. ஒப்படைக்கும்போது தொகுதியின் நற்பெயர் கெட்டதா என்னும் வழக்கு எழுந்தால் ஒப்பிடுவதற்கு அதுவே சான்றாகும்.

குத்தகைக் காலத்தில் இரு பணிகள் இடைவிடாமல் நிகழ வேண்டும். ஒன்று, முறைகேட்டுப் புகார்களுக்கு மறுமொழி அளித்தல். புகார் மின்னஞ்சல் உரிமையாளரிடம் சென்று, அவரிடமிருந்து குத்தகைதாரருக்கு வந்து சேரும் அமைப்பில் காலத்தாழ்வு நேர்கின்றது. அத்தாழ்வுக்குள் ஒரு முகவரியின் குற்றத்துக்காகத் தொகுதி முழுவதும் தடைப்பட்டியலில் ஏறிவிடலாம். எனவே குத்தகைதாரரின் தொடர்பு முகவரியே தரவுத்தளத்தில் இடம்பெறுவது இருதரப்புக்கும் நலம் பயக்கும்.

மற்றொன்று, எந்த முகவரி எந்தப் பயன்பாட்டில் உள்ளது என்னும் கணக்கேடு. சேவையக அமைப்புக் கோப்புகளிலும், வாடிக்கையாளரின் தீயரண்களிலும், உரிமத் திறவிகளிலும் முகவரி நேரடியாக எழுதப்பட்டிருக்கும் இடங்களை இக்கணக்கேடு சுட்ட வேண்டும். இயன்றவரை முகவரிக்கு மாற்றாகப் பெயரைப் பயன்படுத்துவதே குத்தகை முகவரியில் இயங்குபவர் கைக்கொள்ள வேண்டிய ஒழுங்கு. எண்ணை நேரடியாக எழுதிய ஒவ்வோர் இடமும் வெளியேறும் நாளில் தனித்தனியாகத் தேடித் திருத்த வேண்டிய இடமாகின்றது.

முடிக்கும் வரிசை

குத்தகையை முடிப்பதில் கால அளவும் வரிசையும் முதன்மை பெறுகின்றன. முன்னறிவிப்புக் காலம் குத்தகைதாரரின் சொந்த வேகத்தைக் கொண்டு வரையறுக்கப்படலாகாது. அவருடைய வாடிக்கையாளர்களில் மிக மெதுவாக மாறுபவரின் வேகமே அதனைத் தீர்மானிக்கின்றது. ஒரு வங்கியோ அரசுத் துறையோ தன் தீயரணில் புதிய முகவரியை அனுமதிப்பதற்குப் பல வாரங்கள் எடுத்துக்கொள்ளக்கூடும்.

முதற்படி, மாற்று முகவரித் தொகுதியைப் பெற்று, அதற்குரிய ஆர்.ஓ.ஏ., வழிப் பதிவு, தலைகீழ் டி.என்.எஸ். ஆகியவற்றை முழுமையாக நிறுவுதல். பழைய தொகுதியும் புதிய தொகுதியும் சில காலம் ஒருசேர இயங்க வேண்டும்.

இரண்டாம் படி, மின்னஞ்சல் சேவையகங்களை முதலில் நகர்த்துதல். புதிய முகவரிக்கு நற்பெயர் வரலாறு இல்லாததால், அனுப்பும் அளவைச் சில வாரங்களில் படிப்படியாக உயர்த்த வேண்டியுள்ளது. கடைசி வாரத்தில் இதனைத் தொடங்குபவரின் மடல்கள் எரிதப் பெட்டிக்குச் செல்கின்றன.

மூன்றாம் படி, டி.என்.எஸ். பதிவுகளின் நினைவுக் காலத்தைக் குறைத்தல். ஒரு பதிவின் நினைவுக் காலம் 86,400 நொடிகளாக இருந்தால், பிற சேவையகங்கள் பழைய விடையை ஒரு நாள்வரை வைத்திருக்கும். அதனை 300 நொடிகளாகக் குறைத்தபின், குறைந்தது ஒரு நாள் கழித்தே முகவரியை மாற்ற வேண்டும். குறைத்த உடனே மாற்றினால் குறைத்ததன் பயன் கிட்டாது.

நான்காம் படி, பழைய தொகுதியில் வரும் போக்குவரத்தைக் கண்காணித்தல். எல்லாப் பெயர்களும் மாற்றப்பட்ட பின்னரும் பழைய எண்ணைத் தேடி வருவோர் இருப்பர். அவர்கள் யார் எனக் கண்டு தனித்தனியே அறிவித்தபின், ஐந்தாம் படியாக அறிவிப்பை வழிச்செலுத்தியிலிருந்து திரும்பப் பெறலாம். முதலில் சில மணி நேரத்துக்கு மட்டும் நிறுத்திப் பார்த்து, புகார் எழுந்தால் மீட்டெடுத்தல் பாதுகாப்பான நடைமுறை.

ஆறாம் படியில்தான் ஆர்.ஓ.ஏ., வழிப் பதிவுகள், தலைகீழ் டி.என்.எஸ். ஒப்படைப்பு, பதிவகத் தரவு ஆகியன நீக்கப்பட வேண்டும். அனுமதிக் கடிதம் பெற்ற இணைப்பு வழங்குநர்களுக்கு அக்கடிதம் செல்லாது என்று எழுத்தில் அறிவிப்பதும் இப்படியில் அடங்கும். இறுதியாக, பொது வழிச்செலுத்தல் தரவுகளில் தொகுதி எங்கும் அறிவிக்கப்படவில்லை என்பதை இருதரப்பும் சரிபார்த்து, தேதியிட்டுக் கையெழுத்திட வேண்டும்.

வரிசை பிறழ்வின் விளைவுகள்

ஆர்.ஓ.ஏ.வை நீக்கினாலே குத்தகைதாரரின் பயன்பாடு நின்றுவிடும் என்னும் கருத்து பரவலாக உள்ளது. இது முழு உண்மையன்று. 2013 ஜனவரியில் வெளியான ஆர்.எஃப்.சி. 6811, ஓர் அறிவிப்புக்கு மூன்று நிலைகளை வரையறுக்கின்றது: செல்லும், செல்லாது, ஆவணம் இல்லை.

1,024 முகவரிகள் கொண்ட ஒரு /22 தொகுதியின் உரிமையாளர் 64500 என்னும் எண்ணையும், அதில் ஒரு /24 பகுதியைக் குத்தகைக்கு எடுத்தவர் 64510 என்னும் எண்ணையும் பயன்படுத்துவதாகக் கொள்வோம். குத்தகைப் பகுதிக்குரிய ஆர்.ஓ.ஏ. நீக்கப்படுகின்றது. முழுத் தொகுதிக்கும் வேறு ஆர்.ஓ.ஏ. இல்லையெனில், குத்தகைதாரரின் அறிவிப்பு 'ஆவணம் இல்லை' என்னும் நிலையை அடைகின்றது. இந்நிலை அறிவிப்புகளை வலையமைப்புகள் பொதுவாக ஏற்கின்றன. ஆகவே ஒப்பந்தம் முடிந்தும் பயன்பாடு தொடர இயலும்.

மாறாக, முழுத் தொகுதிக்கும் 64500 என்னும் எண்ணுக்கு ஆர்.ஓ.ஏ. இருந்தால், அதே அறிவிப்பு 'செல்லாது' என்னும் நிலைக்கு மாறுகின்றது. சரிபார்க்கும் வலையமைப்புகள் அதனைப் புறக்கணிக்கின்றன, சரிபார்க்காதவை ஏற்கின்றன. குத்தகைதாரர் இன்னும் நகராதிருப்பாராயின் அவருடைய சேவை சில இடங்களில் கிடைத்தும் சில இடங்களில் கிடைக்காமலும் போகும். இவ்வகைக் கோளாற்றைக் கண்டறிவது முழுத் துண்டிப்பைக் கண்டறிவதினும் கடினம். தொகுதியை எவரும் அறிவிக்கலாகாது என்பதைத் தெரிவிக்க விரும்பும் உரிமையாளர், தன்னாட்சி எண் சுழியத்துக்கு ஆர்.ஓ.ஏ. உருவாக்கும் வழியும் உண்டு. அதன் விளைவும் இதுவே.

நீக்க மறந்தாலும் கேடு விளைகின்றது. பழைய ஆர்.ஓ.ஏ. மட்டும் நிலைத்திருக்க, அடுத்த குத்தகைதாரர் தமக்குரிய ஆவணமின்றி அறிவித்தால் அவருடைய அறிவிப்பே செல்லாததாகின்றது. அவருக்கும் ஆவணம் தரப்பட்டுப் பழையதும் எஞ்சினால், வெளியேறியவர் அதே தொகுதியை மீண்டும் அறிவித்தாலும் அது செல்லுபடியாகும்.

எஞ்சும் தடங்களும் பாதுகாப்பும்

வெளியேறும் நிறுவனத்துக்கு மிகப்பெரிய இடர் அதன் சொந்த டி.என்.எஸ். மண்டலத்தில் உள்ளது. ஒரு துணைப்பெயர் பழைய முகவரியைச் சுட்டியபடியே விடப்பட்டால், அம்முகவரியை அடுத்துப் பெறுபவர் அப்பெயரில் வலைப்பக்கம் நடத்த இயலும். அப்பெயர் தம் கட்டுப்பாட்டில் உள்ளதாகக் காட்டி மறையாக்கச் சான்றிதழ் பெறவும் வாய்ப்புண்டு. எஸ்.பி.எஃப். பதிவில் பழைய தொகுதி எஞ்சியிருந்தால், புதிய பயனாளர் முந்தைய நிறுவனத்தின் பெயரில் அனுப்பும் மடல்கள் அச்சோதனையில் தேறிவிடும். வாடிக்கையாளரின் தீயரணில் அனுமதிக்கப்பட்ட பழைய முகவரி, அறியாத ஒருவருக்குத் திறந்த வாயிலாகின்றது. ஒரு பல்கலைக்கழகத்தின் தேர்வு முடிவுப் பக்கமோ கட்டணப் பக்கமோ இவ்வாறு கைமாறினால் பாதிப்புக்குள்ளாவோர் மாணவர்களே.

ஆவணப் பாதுகாப்பும் இங்குக் கருதத்தக்கது. ஒரு முகவரியிலிருந்து நிகழ்ந்த குற்றம் பற்றிய விசாரணை, குத்தகை முடிந்து நெடுநாள் கழித்தும் வரக்கூடும். இந்தியாவில் 2022 ஏப்ரல் 28 அன்று செர்ட்-இன் அமைப்பு வெளியிட்ட ஆணை, தரவு மையங்களும் மேகக் கணிமைச் சேவை வழங்குநர்களும் வாடிக்கையாளருக்கு ஒதுக்கிய முகவரிகள், பயன்பாட்டுக் காலம் முதலிய விவரங்களைச் சேவை முடிந்தபின்னும் ஐந்தாண்டுகள் வைத்திருக்கப் பணிக்கின்றது. ஒப்படைப்புத் தேதி துல்லியமாகப் பதியப்படாவிடில் ஒருவர் செய்ததற்கு மற்றொருவர் விடை கூற நேரும்.

தொகுதியைத் திரும்பப் பெறும் உரிமையாளர் அதனை உடனே அடுத்தவருக்கு விடாமல் சில காலம் அறிவிக்காமல் வைத்திருத்தல் இருதரப்புக்கும் பாதுகாப்பளிக்கின்றது. அவ்விடைவெளியில் தடைப்பட்டியல் நீக்கக் கோரிக்கைகளை முடிக்கலாம். இடஞ்சுட்டல் தரவுகளைத் திருத்தலாம். வெளியேறியவரின் மறந்துபோன பதிவுகளும் வெளிப்படும்.

உரிமையாளரின் உரிமையே வழக்குக்குள்ளாகும் நிலையும் உண்டு. 2021இல் ஆப்பிரிக்கப் பதிவகமான ஆஃப்ரினிக்குக்கும் சுமார் 62 லட்சம் முகவரிகளைப் பெற்றிருந்த ஓர் உறுப்பினருக்கும் இடையே, அவற்றின் பயன்பாடு குறித்த பிணக்கு மொரீசியசு நீதிமன்றங்களுக்குச் சென்றது. பதிவகத்தின் வங்கிக் கணக்குகள் முடக்கப்படும் அளவுக்கு அது வளர்ந்தது. குத்தகை குறித்த விதிகள் பதிவகத்துக்குப் பதிவகம் வேறுபடுகின்றன. எனவே உரிமையாளரின் பதிவு கேள்விக்குள்ளானால் குத்தகைதாரருக்குக் கிடைக்கும் கால அவகாசம் யாது என்பதும் ஒப்பந்தத்தில் இடம்பெற வேண்டும்.

முடிவுரை

குத்தகை ஐ.பி. முகவரியின் இயல்பு, எழுத்தில் ஒரு நாளில் முடிந்து நடப்பில் பல இடங்களில் நீடிப்பது என்பது மேற்கண்ட விளக்கங்களால் பெறப்படுகின்றது. முகவரியும் இணைப்பும் வெவ்வேறு கைகளில் இருப்பதால் முடிவைத் தானாகச் செயற்படுத்தும் பொறி இல்லை. அவ்விடத்தை ஒப்பந்தமும் ஒழுங்கும் நிரப்ப வேண்டியுள்ளது. புதியதை நிறுவியபின் பழையதை விடுதல், அறிவிப்பை நிறுத்தியபின் அனுமதியை நீக்குதல், நீக்கியபின் சரிபார்த்துப் பதிதல் என்னும் வரிசை அவ்வொழுங்கின் சாரம். குத்தகை தொடங்கும் நாளிலேயே வெளியேறும் நாளுக்கான கணக்கேட்டைத் திறப்பவர்க்கு இவ்வரிசை எளிதாகின்றது. ஆறாம் பதிப்பு முகவரிகள் முழுமையாகப் பரவும்வரை நான்காம் பதிப்பு முகவரிகள் கைமாறிக்கொண்டே இருக்கும். அதுவரை, ஒரு முகவரியை நேற்று வைத்திருந்தவர் விட்டுச்சென்ற தடம் இன்று வைத்திருப்பவரையும், அவரை நம்பிய பயனரையும் பாதிக்கும் என்பது நிருவாகிகளின் கருத்தில் நிற்க வேண்டிய செய்தியாகும்.